கொட்ட வேண்டிய தண்ணீர்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அக்கா இதை ஒரே மூச்சில் சொன்னவள் அல்ல. ஒரு வாக்கியம் சொல்வாள். அடுத்த வாக்கியம் வர அரை மணி ஆகும், சில சமயம் அடுத்த வாரம் ஆகும். நடுவில் கிடந்த மௌனங்களை என் இஷ்டத்துக்கு நான் நிரப்பியிருக்கலாம். சூப்பு வைத்த முதல் நாள் பாத்திரத்தில் இருந்தது கீரையா உருளைக்கிழங்கா என்று கேட்டால் இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவளே ஒரு தடவை கீரை என்றாள், இன்னொரு தடவை இரண்டும் என்றாள். ஆனால் அவளுடைய தம்பி கையை நீட்டி "கொடு" என்று சொன்னதை மட்டும் அவள் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை. ஆகவே அது நடந்திருக்க வேண்டும்.

அக்கா என்றால் எனக்கு உறவில்லை, கடைசிக் காலத்தில் என் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவள். ஒரு பெரிய ஆலையின் கேன்டீனில் அவள் சமையல் பார்த்தாள். அங்கே சாப்பிட்டவர்கள் எல்லாரும், அவளைவிட மூத்தவர்கள்கூட, அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சரக்கு வண்டி வராத நாளில்தான் அவளுடைய வித்தை வெளியே தெரியும். மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது அவள் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சண்டைக்கு வந்தவள் மாதிரி இடுப்பில் கை வைத்துச் சற்று நேரம் பார்ப்பாள். நேற்றைய சோறு, ஒரு பக்கம் நசுங்கிய முட்டைக்கோஸ், மூட்டை அடியில் முளைவிட்ட வெங்காயம், நாலைந்து முட்டை. மணி அடிப்பதற்குள் தட்டில் ஆவி பறக்கும். "இல்லாததை எண்ணிக்கிட்டு நின்னா அடுப்பு எரியாது, இருக்கிறதை எண்ணு" என்று உதவிக்கு நிற்பவர்களை விரட்டுவாள். காலிஃபிளவர் தண்டு, முள்ளங்கி இலை, பட்டாணித் தோல், எதையும் எறிய விடமாட்டாள். அவள் சமையலறையில் குப்பைக்கூடைதான் பட்டினி கிடக்கும் என்று ஆலையில் ஒரு பேச்சு உண்டு.

கல்யாணம் என்று ஒன்று வந்து, நிற்காமல் போய்விட்டது. மிச்சம் ஒரே தம்பி. அவனுக்கு நீ அம்மா மாதிரி என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. அம்மா போனபோது தனக்கே தலை வாரத் தெரியாது, இதில் அம்மாவாவது ஆட்டுக்குட்டியாவது என்பாள். ஆனால் அவன் முதல் முதலாகச் சோறு கேட்டது அவளிடம்தான். அதை அவள் மறந்ததில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்கி, கதவில் காதை வைத்து, எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவன் குடியிருந்ததோ மூன்றாவது மாடி, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வைத்தியன் வீட்டில் தீராத இருமல் மாதிரி என்று அவனே சொல்லிக்கொள்வான். அதிகம் பேசமாட்டான். பேச்சுக்கு நடுவே நிறுத்தி, எங்கோ ஏதோ ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்பவன் மாதிரி இருப்பான். அந்த மௌனம் அக்காவுக்குப் பழக்கம். அவளும் அப்படித்தான்.

அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் பாதிக்கு மேல் கெட்டுவிட்டிருந்தன. சாப்பாட்டை ஒழுங்காக வைத்துக்கொண்டால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் போகாமல் சில வருஷங்கள் தள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒழுங்கு என்பது நம் எல்லாருடைய ஒழுங்கும் அல்ல. ஊருக்கெல்லாம் சத்து என்று சொல்கிற கீரை, கிழங்கு, தக்காளி, வாழைப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் என்ற ஓர் உப்பு இருக்கிறது. நல்ல உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். அவன் உடம்பு தள்ளாது. அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் கையைக் காலைக் கட்டிப்போடும், அப்புறம் நெஞ்சை நிறுத்தும். அதனால் எந்தக் காயானாலும் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உப்பு அந்தத் தண்ணீரோடு போய்விடும். ருசியும் போய்விடும். அவன் மனைவி அதை மருந்து கொடுப்பவள் மாதிரி ஒரு நாள் தவறாமல் செய்துவந்தாள். அவள் கொட்டிய தண்ணீரால்தான் அவன் நடமாடிக்கொண்டிருந்தான். இதெல்லாம் அக்காவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

மனைவி ஒரு தையல் ஆலையில் மேற்பார்வை பார்த்தாள். ஆலையில் வேலை நேரத்தை மாற்றினார்கள். அவளுக்கு மாலை முறை விழுந்தது. அவன் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அவள் தையல் மெஷின்களுக்கு நடுவில் நிற்பாள். காலையிலேயே சமைத்து மூடி வைத்துப் பார்த்தாள். அவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மூடிவிட்டு, கடையில் எதையாவது தின்றுவிட்டு வந்து படுத்தான். கடைசியில் அவள்தான் சொன்னாளாம், "அக்காவ வரச் சொல்லுங்க" என்று. அது அவள் வாயிலிருந்து வந்தது சாமானியம் இல்லை.

ஏனென்றால் அந்த இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. தம்பிக்குக் கல்யாணமான புதிதில் அக்கா விருந்துக்குப் போயிருந்தாள். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஒரு வாய் எடுத்து வைத்தவள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய், சட்டியிலேயே உப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டு வந்தாள். அவளைப் பொறுத்தவரை அது ஒன்றுமில்லாத விஷயம், கேன்டீனில் தினம் செய்வது. புதுப்பெண்ணைப் பொறுத்தவரை அது சபையில் கன்னத்தில் விழுந்த அறை. அன்றிலிருந்து எது சொல்ல வேண்டுமானாலும் தம்பி வழியாகத்தான். சண்டை இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வது இல்லை. அக்கா வந்து தங்கும் நாட்களில் ஒரே அறையில் இருந்துகொண்டே "தலையணை உறை மாத்தியாச்சான்னு அக்காவ கேளுங்க" என்பாள் இவள். "மாத்தியாச்சுன்னு சொல்லுடா" என்பாள் அவள். "நான் லிஃப்ட் மெக்கானிக்கா, இல்ல உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா?" என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். வருஷம் ஆக ஆக அதுவே அந்த வீட்டின் வழக்கமாகி, யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாமல் போய்விட்டது.

கேன்டீனை மூடியிருந்த சமயம் அது. அக்கா ஒரு வாடகை அறையில், தனக்கு மட்டும் என்ன சமைப்பது என்று தெரியாமல் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். தம்பி கூப்பிட்டதும் ஒரு பையோடு வந்து இறங்கினாள். இனி இதுதான் வீடு என்று மனதுக்குள் முடிவு செய்தே வந்தாள். கூப்பிட்டது சோறு போட. அந்தச் சோற்றை அவன் சாப்பிடும் வரைக்கும்தான் தனக்கு அங்கே இடம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வருவதற்கு முன்னாலேயே மனைவி அவனை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு விளங்குகிற மாதிரி சொல்லுங்கள், தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாது, எதற்கு என்றும் சொல்லுங்கள், அவர்கள் எதையும் கொட்டாதவர்கள். அவனும் தலையை ஆட்டினான். ஆனால் அக்காவிடம் வந்து பாதியைத்தான் சொன்னான். நறுக்கு, ஊறவை, வேகவை, கொட்டு, உப்பைக் கிள்ளிப் போடு. கொட்டுவது எதற்கு என்று அக்கா கேட்டாள். காயில் மருந்தெல்லாம் அடிக்கிறார்கள் அல்லவா, அந்த அழுக்குப் போவதற்காம் என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அக்கா பிற்பாடு யோசித்து யோசித்து ஓய்ந்துபோனாள். ஒரு பிடி கீரைக்குப் பயந்து வாழ்கிறவன் என்று தன்னை வளர்த்தவளிடம் சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம். அவள் பயந்துபோவாள் என்று இருக்கலாம். அல்லது அப்போதே அவன் மனதின் ஒரு மூலையில் ஒரு கதவைப் பூட்டாமல் விட்டுவைத்தானோ என்னவோ.

ஆரம்பத்தில் அவள் சொன்னபடிதான் செய்தாள். வெறுப்போடு செய்தாள். முட்டைக்கோஸை வேகவைத்துக் கொட்டி, பூண்டும் மிளகும் போட்டு வதக்கி, முட்டை வெள்ளையை ஊற்றிக் கிளறினாள். சோற்றில் எலுமிச்சம் பழம் பிழிந்தாள். சுரைக்காயைச் சீவி, இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பார்த்தாள். உப்பும் கிள்ளித்தான் போட வேண்டும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஊரே சொல்கிறது, அந்தக் குப்பையைத்தான் தன் கையால் தம்பிக்குப் போடுகிறோம் என்று அவளுக்குப் பட்டது. அவன் வந்து உட்கார்வான். தட்டின் ஓரத்தில் விரலால் கோடு போடுவான். நாலு வாய் தின்பான். "நல்லா இருக்குக்கா" என்பான். அந்த 'நல்லா இருக்கு' அவளைக் கத்தி மாதிரி கீறும். ஆலையில் ஒருத்தனும் அவள் சமையலை நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கா என்றுதான் கேட்பார்கள்.

கழுவுதொட்டியில் பச்சைத் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சத்தெல்லாம் சாக்கடைக்கு, சக்கையெல்லாம் தம்பிக்கு. ஆயுசுக்கும் அவள் கற்றுவைத்திருந்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: வேகவைத்த தண்ணீரில்தான் காயின் உயிர் இருக்கிறது. அவன் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. கடிகாரப் பட்டை மணிக்கட்டில் சுழன்றது. பெண்டாட்டி என்ற பேரில் ஒருத்தி அவனைக் கழுவிக் கழுவிக் கரைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்கா நினைத்தாள். அழுக்குக்காகவாம். அழுக்குக்குப் பயந்தால் கழுவினால் போதாதா? கேட்டிருக்கலாம்தான். அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்தவளிடம், ஏன்மா கொட்டச் சொல்ற என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

ஒரு நாள் மாலை அடுப்படியில் ஒன்றுமே இல்லை. வாடிய கீரைக் கட்டு ஒன்று, இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு தக்காளி, வெங்காயம், பூண்டு. மழை வேறு. அவன் மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறி வருவது அவளுக்குக் கேட்டது. உள்ளே வந்தவன் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றைக்கு ஏதோ ஒரு கட்டடத்தில் பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்தவர்களை வெளியே எடுத்துவிட்டு வந்திருந்தான். அவர்கள் அழுததைப் பற்றி ஒரு வரி சொன்னான். பிறகு நெடுநேரம் மழையைக் கேட்டுக்கொண்டு இருந்தான். பசிக்குதாடா என்று கேட்டதற்கு, பசி என்ன பசி என்றான்.

அந்தப் பதில்தான் அவளை உடைத்தது. கீரையையும் கிழங்கையும் வேகவைத்தாள். வடித்தாள். தண்ணீரைக் கொட்டப் போனவள் கொட்டவில்லை. துணியில் வடிகட்டினாள். சட்டியைக் காயவைத்து, பூண்டையும் வெங்காயத்தையும் சிவக்க வதக்கி, தக்காளியை நசுக்கிப் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி, பாதியாகச் சுண்டும் வரை கொதிக்க விட்டாள். மிளகைத் தட்டிப் போட்டதும் வாசனை எழுந்து அடுத்த அறைக்குப் போனது. அவன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்றான்.

"என்னக்கா அது?"

"சூப்பு."

"எதுல?"

"கொட்டச் சொன்னாளே, அந்தத் தண்ணிதான். வடிகட்டி, சுண்டக் காய்ச்சியாச்சு. எந்த அழுக்கு இவ்வளவு கொதிக்கு நிக்கும், சொல்லு பாப்போம்."

அவன் சட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திரும்பச் சட்டியைப் பார்த்தான். சூப்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது, அடுப்பை அணைக்கக்கூட மறந்துவிட்டேன் என்றாள் அக்கா. அவன் கையை நீட்டினான்.

"கொடு."

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்றபடியே, ஊதி ஊதிக் குடித்தான். நெற்றியில் வேர்வை பூத்தது. குடித்து முடித்து, கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த தக்காளித் தோலை விரலால் வழித்து நக்கினான், சின்னப்பையன் மாதிரி.

"செத்த நாக்குக்கு உசிர் வந்துடுச்சுக்கா" என்றான். அப்புறம், "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

அவள் ஊற்றினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போட்டாள்.

"அவகிட்ட சொல்லாத" என்றான் அவன்.

"நான் எங்கடா அவகிட்ட சொல்லியிருக்கேன்? எது சொல்றதா இருந்தாலும் நீதானே சொல்லணும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் ஜெயித்த மாதிரியும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஜெயிச்ச மாதிரிதான் இருந்துச்சு என்று என்னிடம் அவளே சொன்னாள்.

அதன் பிறகு தினமும். இருப்பதை வைத்து அவள் ஆடிய ஆட்டம்தான் அந்த நாட்கள். பூசணித் தண்ணீரில் இஞ்சி, கிழங்குத் தண்ணீரில் வறுத்த பூண்டு, கீரைத் தண்ணீரில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறியது. காய் வேக ஆகும் நேரம்தான், பக்கத்து அடுப்பில் சூப்பும் ஆகிவிடும். அவன் சீக்கிரம் வந்தான். படியேறும்போதே மோப்பம் பிடித்து, "இன்னைக்குப் பூசணி" என்று வாசலிலிருந்தே சொன்னான். வேகவைத்த சக்கையையும் அதோடு சேர்த்துத் தின்றான். பேசினான். முதலாளியைப் போல நடித்துக் காட்டினான். அவனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது என்று வளர்த்தவளுக்கே தெரியாது. தன் வாழ்நாளில் அதைவிட நல்ல நாட்கள் தனக்கு வந்ததில்லை என்றாள் அக்கா. அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் ஒரு வாரம் என் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தாள்.

ஒரு நாள் காலையில் மனைவி கடைக்குப் போகுமுன் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே அவனிடம் சொன்னாள்: "இப்பல்லாம் நல்லா சாப்பிடுறீங்க. அக்கா கைப்பக்குவம்தான். சொல்லிடுங்க."

அக்கா நாலு அடி தள்ளித்தான் நின்றாள். அவன் திரும்பி, "உன் கைப்பக்குவம்தானாம்" என்றான். எந்த முகத்தோடு சொன்னானோ, அவள் கவனிக்கவில்லை. அவள் அந்தப் பாராட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் போட்டுக் கிளறிய அன்றைக்கு அப்புறம் அந்தப் பெண் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

கால் மரத்துப்போகிறது என்று அவன் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகு. படி ஏறுவதால் என்று அக்கா எண்ணெய் தேய்த்துவிட்டாள். சத்துப் போதவில்லை என்று கிண்ணத்தைப் பெரியதாக்கினாள்.

ஒரு மாலை அவன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா" என்று கூப்பிட்ட சத்தம் கேட்டு இறங்கி ஓடினாள். சுவரில் சாய்ந்துகொண்டு, கால் வரமாட்டேங்குது என்றான். வலிக்கிறதா என்றால் இல்லை என்றான். கால்கள் வேறு யாருடையவோ மாதிரி மடங்கிக் கிடந்தன. கீழ் வீட்டுக்காரர்கள் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினார்கள். பாதி வழியில் அவன் கண் சொருகிவிட்டது.

மனைவி ஆலையிலிருந்து நேராக வந்தாள். தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் உட்கார வேண்டிய இடம் அது. அவன் இல்லாமல் ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குப் போய்ச் சேர வழி இல்லை.

விடிந்த பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். இதயம் நின்று நின்று துடித்தது, கழுத்தில் குழாய் போட்டு மெஷினில் போட்டிருக்கிறோம், இன்றையப் பொழுதைத் தாண்டினால் பார்க்கலாம் என்றார். பொட்டாசியம் இவ்வளவு எப்படி ஏறியது, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். மனைவி, எல்லாம் வேகவைத்துக் கொட்டித்தான் என்று ஆரம்பித்தாள். அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். தண்ணீரை மட்டும் நான் கொட்டவில்லை, சூப்பு வைத்தேன், அதில்தானே சத்து என்றாள். டாக்டரம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாக, அந்த உப்பைப் பற்றியும், அது எங்கே போகும் என்பதைப் பற்றியும், எதற்காகக் கொட்டச் சொல்கிறோம் என்பதைப் பற்றியும் சொன்னார். அவருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறோம், அவருக்கு எல்லாம் நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்காவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் நின்றது. அவருக்கு எல்லாம் நன்றாகத் தெரியும். சட்டி கொதித்துக்கொண்டிருந்தபோது அவன் பார்த்த பார்வை இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மனைவி எழுந்து வந்து அவள் முன்னால் நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் யாரும் இல்லாமல், முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணி, எதுக்குக் கொட்டணும்னு அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

அக்கா அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. வேறொன்று இருந்தது, ஒரு பயம். உள்ளே கிடக்கிறவன் தன்னை விட்டுப் போகிறானா, தெரிந்தே உயிர் போகட்டும் என்று விட்டுவிட்டானா என்கிற பயம். வருஷக்கணக்கில் ஒரு நாள் தவறாமல் நறுக்கி, ஊறவைத்து, வடித்துக் கொட்டியவள் அவள்.

"சொன்னான். நாந்தான் காதுல வாங்கிக்கல" என்றாள் அக்கா.

"அது என்ன தண்ணின்னு தெரிஞ்சா குடிச்சாரு?"

போகிறவன் நல்லவனாகவே போகட்டும் என்று அக்கா நினைத்தாள். அவன் பிழைக்க மாட்டான் என்றே அவள் நம்பினாள்.

"அவனுக்குத் தெரியாதும்மா. கடையில வாங்கின சூப்புப் பொடின்னு சொல்லித்தான் கொடுத்தேன்."

மனைவி அப்படியே நின்றாள். தாழ்வாரத்தில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். அது மூலை திரும்பும் வரைக்கும் நின்றாள். பிறகு, "நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஆனால் அவன் போகவில்லை. பிழைத்துக்கொண்டான். சிறுநீரகத்தில் மிச்சம் இருந்ததும் போய்விட்டது, இனி ஆயுசுக்கும் மெஷின்தான் என்றார்கள். கண் விழித்து, பேச்சு வந்த பிறகு ஒரு பிற்பகல் அக்கா பார்க்கப் போனாள். மனைவி கட்டில் பக்கத்தில் இருந்தாள். அக்கா வந்ததைப் பார்த்துவிட்டு, அவனிடம்தான் கேட்டாள்.

"அக்கா என்ன கொடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"எனக்கென்ன தெரியும். அக்கா கொடுத்தா, குடிச்சேன்."

மனைவியின் தோள் தளர்ந்தது. அத்தனை நாள் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். மருந்து வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"சாகணும்னா குடிச்ச?"

"இல்லக்கா. தெரியல. அந்த ருசி போதும்னு இருந்துச்சு. அப்புறம் எது ஆனாலும் ஆகட்டும்னு."

"அவகிட்ட சொல்லியிருக்கலாமேடா. இப்பவாவது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றே அவள் நினைத்தாள்.

"தெரிஞ்சுதான் குடிச்சேன்னு சொன்னா அவ என்னை விட்டுடுவா" என்றான். "நீ விடமாட்ட."

அவன் சொன்னது நிஜம்.

வீட்டுக்கு அழைத்துவந்த அன்று மனைவி பழையபடி அவனைப் பார்த்து, "அக்காவ கிளம்பச் சொல்லுங்க" என்றாள். அக்கா அதே அறையில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பி, "அக்கா, உன்னைக் கிளம்பச் சொல்றா" என்றான். இந்தத் தடவை சேதியில் ஒரு சொல்லையும் அவன் விழுங்கவில்லை. சரின்னு சொல்லுடா என்றாள் அவள்.

தம்பி அதன் பிறகு சில வருஷங்கள் இருந்தான். வேலையை விட்டுவிட்டான். வாரத்தில் பாதி நாள் மெஷினில் கிடந்தான். ஒரு கோடையில் மெஷினிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கீழ் வீட்டுக்காரர் வந்து அக்காவிடம் சொன்னார். மனைவி அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஆலைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். நாத்தனார் தன் புருஷனை நோயில் தள்ளினாள் என்று கேட்பவர்களிடம் சொல்கிறாள், கேட்காதவர்களிடம் சொல்வதில்லை. அக்கா ஒரு விடுதியில் பாத்திரம் கழுவப் போனாள். சமையலுக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள், போகவில்லை. போன வருஷம் இறந்துபோனாள்.